கொம்பையா பிடித்த வாஷ்பேசின்

கொடுக்காம்பட்டியில் தண்ணீர் வராத குழாய்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்து வந்த கொம்பையா, தன் தங்கை வீட்டுக் குளியலறையில், பீங்கான் காலின்மேல் நிற்கிற வாஷ்பேசின் ஒன்றை மாட்டப் போனார். மாட்டி முடித்த பிறகு அவருடைய இரண்டு கைகளும் அதிலிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் எத்தனையோ நடந்தது, கல்யாணம் நடந்தது, தேர்தல் நடந்தது, மழை மட்டும் பெய்யவில்லை; கொம்பையா அந்தச் சுவரைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் அகலவிரித்து, வெள்ளைப் பீங்கானின் இரு காதுகளையும் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கவே கூடாது என்று அவர் மனைவி செண்பகம் கடைசிவரை சொன்னாள். சொல்ல அவளுக்கு நியாயம் உண்டு. கொம்பையாவின் தங்கை வெள்ளத்தாய்க்கு ஒரே மகள் செல்வராணி. அவள் பெரியமனுஷி ஆனபோது தாய்மாமன் சீர் கொண்டு போனார் கொம்பையா. தாய்மாமன் சீரைத் தெருமுனையில் வைத்து மேளத்தோடு எதிர்கொண்டு அழைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. அழைக்காமல் வாசல் ஏறினால் அவன் மாமன் இல்லை, சோற்றுக்கு வந்தவன். பட்டுச்சேலையும் வளையலும் கருப்பட்டியும் அடுக்கிய பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவரும், பழத்தட்டோடு பின்னால் செண்பகமும், உச்சி வெயிலில் அந்த முனையில் நின்றார்கள். மேளம் அப்போது தங்கை புருஷன் தவசிக்கண்ணுவுடைய பங்காளி ஒருவரை, நாலு லாரி வைத்திருந்தவரை, அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தது. அழைத்துக்கொண்டு திரும்பியும் வந்தது. அப்படியே இவர்களைக் கடந்து போனது. தவில்காரன்கூட ஒரு பார்வை பார்த்தான், தவசிக்கண்ணு பார்க்கவில்லை. கொம்பையா தாம்பாளத்தோடு திரும்பி வீட்டுக்கு நடந்தார். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்று பிறகு ஆள் அனுப்பினார்கள். நாலு லாரி கண்ணுக்குத் தெரிகிறது, கூடப்பிறந்தவன் தெரியவில்லையா என்று கேட்டனுப்பினார் கொம்பையா. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர் அவர் பல்லில் பட்டதில்லை. சபதம் வைத்தவர் அவர். அதை அவரைவிடக் கறாராகக் காத்தவள் செண்பகம்.

அந்தச் செல்வராணிதான் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்து, ஒருநாள் காலையில் போன் போட்டாள்.

“மாமா, கீழ இருக்க குழாய்ல குனிஞ்சு மூஞ்சி கழுவ முடியல. வயிறு இடிக்குது. நின்னுக்கிட்டே கழுவுற மாதிரி ஒண்ணு மாட்டித் தாங்க.”

“ஊருல வேற ஆளு இல்லயாம்மா?”

“இருக்காக. அவுக மாட்டினா நான் கழுவ மாட்டேன்.”

அழைக்காத வீட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் அழைத்தது பிள்ளைத்தாய்ச்சி. குடிக்கத் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொண்டு, முன்வாசலை மிதிக்காமல் கொல்லைப்பக்கமாகப் போய், குளியலறைக்குள் நுழைந்து வேலையைத் தொடங்கினார்.

கொம்பையாவின் வேலைக்கு ஒரு முறை உண்டு. மற்றவர்கள் பேசினைச் சுவரில் சாய்த்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர் கட்டையை நம்ப மாட்டார். பீங்கான் காலைத் தரையில் நிறுத்தி, அதன் தலையில் பேசினை உட்கார்த்தி, மட்டம் பார்த்து, சுவரோடு சேரும் இடத்தில் வெள்ளைச் சிமெண்டைத் தேய்த்துவிட்டு, அது இறுகும்வரை இரண்டு கையாலும் தானே பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகுதான் போல்ட். பிடிக்கும் நேரத்தில் பேச மாட்டார், வேறு எதையும் நினைக்கவும் மாட்டார், நினைப்பு அசைந்தால் கை அசையும் என்பார். அன்றைக்குப் பார்த்து உள்கூடத்தில் தவசிக்கண்ணு யாரிடமோ போனில் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கொம்பையா நினைக்கத் தொடங்கினார். தெருமுனையை நினைத்தார், வெயிலை நினைத்தார், தாம்பாளத்தின் கனத்தை நினைத்தார், தவில்காரன் பார்த்த பார்வையை நினைத்தார், நினைத்ததையே திரும்பவும் முதலிலிருந்து நினைத்தார். நினைத்து முடித்தபோது சிமெண்ட் கல்லாகியிருந்தது. கையை எடுத்தார். கை வரவில்லை.

அந்த வீட்டில் யாரையும் உதவிக்குக் கூப்பிட அவருக்கு மனமில்லாததால், வெள்ளத்தாய் தானாக வந்து பார்க்கும்வரை அப்படியே நின்றார்.

நல்லெண்ணெய் ஊற்றினார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள், வெண்ணெய் தடவினார்கள், ஐஸ் கட்டி வைத்தார்கள். கொத்தனார் வந்து உளியை விளிம்பில் வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டியதும் கொம்பையா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது; வெள்ளைப் பீங்கானில் உளி பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு கோடு கசிந்தது. கொத்தனார் உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இது இப்ப பேசின் இல்லங்க. இவுக எலும்பு” என்றார். கம்பவுண்டர் வந்து மணிக்கட்டில் நாடி பார்த்து, நாடி எங்கே போகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போய், பேசினின் நடுக்குழியில் கொண்டுபோய் விரலை வைத்தார். அங்கேயும் துடித்தது. தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும், ஆமாம், சூடாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதற்குமேல் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லாததால் அடுத்து ஆகவேண்டியதைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆசாரி அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தார். இடையில் ஒரு திரை போட்டார்கள். குளியலறை என்பதால் மற்றதற்கும் ஒரு வழி இருந்தது. அதையெல்லாம் செண்பகம் வந்து பார்த்துக்கொண்டாள். காலையும் மாலையும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, பாட்டில் தண்ணீரோடு ஊட்டிவிட்டு, வாய் துடைத்து, வேட்டி மாற்றிவிட்டுப் போவாள். அந்த வீட்டுக் குழாயில் தன் கையைக்கூட அவள் கழுவியதில்லை. எச்சில் கையோடு தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்க் கழுவினாள்.

பேசின் என்று மாட்டிவிட்டால் முகம் கழுவாமல் முடியாது. வீட்டில் இருந்தவர்கள் கொம்பையாவின் ஒரு கைக்கு அடியில் நுழைந்து, அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்று முகம் கழுவினார்கள். செல்வராணி தன் பெரிய வயிற்றோடு நுழைந்து, “குனியவே வேண்டாம் மாமா, அருமையா இருக்கு” என்பாள். அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். காலையில் தவசிக்கண்ணு பிரஷ்ஷோடு வருவதுதான் சித்திரவதை. இத்தனை வருஷம் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன், இப்போது அவர் கைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டு நுரை தள்ளினார்.

“மச்சான், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க.”

“எங்கிட்டுத் தள்ள? உம்ம வீட்டுச் சுவத்துக்குள்ளயா?”

“கோவிக்காதீக. மூஞ்சிய மூடிக்கிடுங்க, நான் துப்பணும்.”

“எத வச்சு மூட, மாப்ள?”

தவசிக்கண்ணு துப்பினார். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். பகையாளியின் பிடரியில் எங்கே மச்சம் இருக்கிறது, எந்தக் காதில் நரைமயிர் முளைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது. தெரிந்துகொள்ள விரும்பாததைத் தெரிந்துகொள்வது போல ஒரு சிறை வேறு இல்லை.

அக்கம்பக்கத்துக்கும் பழகிவிட்டது. கொல்லைக் கதவில் நின்று யாராவது, “கொம்பையா அண்ணாச்சி இருக்காகளா?” என்று கேட்பார்கள்.

“எங்க போயிரப் போறாக? உள்ள வாங்க” என்பாள் வெள்ளத்தாய்.

அண்ணன் மனதில் கிடப்பதுதான் கையில் ஒட்டியிருக்கிறது என்று வெள்ளத்தாய்க்கு ஒருநாள் தோன்றியது. அன்றைக்குச் செய்யாத மரியாதையை இன்றைக்குச் செய்துவிட்டால் கை தானாக விட்டுவிடும் என்று புருஷனிடம் அழுதாள். தவசிக்கண்ணுவுக்கும் தினமும் மச்சான் கைக்குள் நின்று பல் விளக்குவது அலுத்துப்போயிருந்தது. மேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அழைக்கவேண்டிய ஆள் தெருமுனைக்கு வர முடியாததால், மேளம் தெருமுனைக்குப் போய் அங்கே யாருமில்லாத இடத்துக்கு ஆரத்தி சுற்றி, அந்த யாருமில்லாத இடத்தை அழைத்துக்கொண்டு தெருவெல்லாம் வாசித்தபடி வந்து, கொல்லைப்பக்கமாகக் குளியலறைக்குள் நுழைந்தது. அந்தச் சின்ன அறைக்குள் நாதஸ்வரமும் தவிலும் முழங்கியதில் சுவரில் ஒட்டியிருந்த பல்லி விழுந்தது. வெள்ளத்தாய் ஆரத்தி எடுத்தாள். தவசிக்கண்ணு கை கூப்பி, “மச்சான், வாங்க” என்றார்.

கொம்பையாவின் கண் கலங்கியது. எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். கை வரவில்லை, ஆனால் யாரும் திறக்காத குழாயில் தண்ணீர் வந்தது.

ஊரில் தண்ணீர் வந்து மாசக்கணக்காகியிருந்தது. தவசிக்கண்ணு வீட்டில் முகம் கழுவியதும் விலைக்கு வாங்கி மாடித் தொட்டியில் ஊற்றிய தண்ணீரில்தான், அதுவும் குழாயைத் திறந்தால்தான் சொட்டும். ஊராட்சிக் குழாய்களில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. மேல்நிலைத் தொட்டியில் புறா குஞ்சு பொரித்திருந்தது. இந்தத் தண்ணீரோ விரல் தடிமனுக்கு, கண்ணாடி மாதிரி, நிற்காமல் வந்தது. செல்வராணி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “இளநி மாதிரி இருக்கு” என்றாள். மேளக்காரர்கள் குடித்தார்கள். சாயங்காலத்துக்குள் கொல்லைக் கதவிலிருந்து தெருமுனைவரை குடங்கள் நின்றன.

இருட்டுவதற்குள் தண்ணீர் மெலிந்து நின்றுவிட்டது. மறுநாள் திரும்ப மேளம் வைத்து ஆரத்தி எடுத்தார்கள், திரும்ப வந்தது. கொம்பையாவுக்கு மரியாதை செய்தால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும் என்று ஊருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தெருவுக்கு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்த இடமில்லாமல் முக்காலிக்குப் போர்த்தினார்கள். ஊரில் பிறந்த பெண்களெல்லாம் அவரை மாமா என்றார்கள். மருமகன்களாக வந்தவர்களும் மாமா என்றார்கள். நாலு லாரிக்காரரும் ஒருநாள் குடத்தோடு வந்து வரிசையில் நின்று கும்பிட்டார். செல்வராணிக்கு ஆண் குழந்தை பிறந்து, அதன் முதல் குளியல் மாமன் கைக்குள்ளேயே நடந்தது.

முதலில் கொம்பையாவுக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கழுத்தை நிமிர்த்தி நின்றார். சோறு ஊட்டிக்கொண்டிருந்த செண்பகத்திடம், “பாத்தியா?” என்றார்.

“பாத்தேன். தோளு வலிக்குதா?” என்றாள் அவள்.

அதை அவளைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. எண்ணெய் கொண்டு வந்தவர்கள் எண்ணெய் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு வைத்தியர், மூலிகைத் தைலம் இருக்கிறது, ஒருநாளில் கை விட்டுவிடும் என்றபோது, அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து மரியாதையாக பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்த பஸ்ஸின் சத்தம் கொம்பையாவுக்குக் கேட்டது. தவசிக்கண்ணு ஊரில் பெரிய மனுஷன் ஆனார். வரிசை வர வசதியாகச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்து, சுற்றிலும் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டி, மேலே விளக்குப் போட்டார். “மச்சான், நீங்க இங்க இருக்கது எங்க குடும்பத்துக்கே பாக்கியம்” என்று அவர் சொன்னபோது அதில் பொய்யே இல்லை. அதுதான் கொம்பையாவைப் பயமுறுத்தியது.

ஒருநாள் மேளம் முழங்கிக்கொண்டிருக்கையில் அவர், “போதும்” என்றார்.

“என்ன சொல்லுதாக?”

“போதுமாம்.”

“மேளம் சரியில்ல போல. செட்ட மாத்துங்கய்யா.”

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து இன்னும் பெரிய மேளம் வந்தது. தண்ணீர் இரண்டு விரல் தடிமனுக்கு வந்தது.

வழிமறித்துப் பூட்டி வைத்தால் பூட்டை உடைக்கலாம். காலில் விழுந்து கும்பிட்டுப் பூட்டி வைத்தால் என்ன செய்வது? அவமானம் செய்தவனை முறைக்கலாம், மரியாதை செய்கிறவனை முறைக்கவும் வழியில்லை. மாலையின் ஈரம் கழுத்தில் அரிக்க, சொறியக் கையில்லாமல், டைல்ஸில் பூத்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார் கொம்பையா.

அப்படி இருக்கையில் ஒருநாள் செண்பகம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெள்ளத்தாய் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வாய்க்கு நேராக நீட்டினாள். அவர் உதட்டைத் திறக்கவில்லை. மாமா விரதம் இருக்கிறார் என்று ஊருக்குள் செய்தி பரவி, விரதம் இருக்கிறவருக்கு இரட்டை மரியாதை நடந்தது. குடம் நிரப்ப வந்தவர்களிடமெல்லாம், “செண்பகம் ஏன் வரல? யாராவது போய்ப் பாருங்க” என்றார்.

“நல்லா இருப்பாக மாமா” என்றார்கள். போய்ப் பார்த்தால் வரிசையில் இடம் போய்விடும்.

கடைசியில் செல்வராணிதான் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “அத்தைக்குக் காய்ச்சல் மாமா. எந்திரிக்க முடியல. ஆனா வருதேன்னு சொன்னாக.”

அன்று மதியம் செண்பகம் வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து, தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். அறைக்குள் அவ்வளவு கூட்டம். அவளுக்கு நிற்க ஓர் இடம்தான் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லாதபடி, நாலு பேர் பார்க்க, அவர் கைக்கு அடியில் நுழைந்து அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் கண்கள் குழி விழுந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை முகங்களையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்ட கொம்பையா, அந்த முகத்தை அப்போதுதான் அத்தனை கிட்டத்தில் பார்த்தார். அவள் நெற்றியின் அனல் அவர் தாடையில் அடித்தது.

“கொதிக்குதே, செண்பகம்.”

“ஒண்ணுமில்ல. குடிங்க.”

“தொட்டுப் பாக்க முடியலயே.”

“நீங்க தொட்டுப் பாத்தா கொறஞ்சிருமாக்கும்.”

அவர் தன் முழு பலத்தையும் கூட்டி வலது கையை இழுத்தார். பீங்கான் அசையவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பின்னால் குடங்கள் மோதிக்கொண்டே இருந்தன, யாரோ ஒரு பெண், “சீக்கிரம் ஊட்டுங்கத்த, வெயில் கொளுத்துது” என்றாள்.

“வீட்டுக்குப் போவோம்” என்றார் கொம்பையா. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

செண்பகம் அவரையே பார்த்தாள். “வலிக்கும்” என்றாள்.

“வலிக்கட்டும்.”

மறுநாள் அவள் வந்தபோது வடக்குத்தெருவின் முறை. ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள், தவில் உச்சத்தில் இருந்தது. செண்பகம் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பை வழக்கத்தைவிடக் கனத்தது.

“தங்கச்சி, பையில என்ன?” என்றார் வாசலில் நின்ற தவசிக்கண்ணு.

“குழம்பு” என்றாள்.

வழி விட்டார்கள். கொம்பையாவின் கைக்குள் நுழைந்து, பையிலிருந்து தன் வீட்டு அம்மிக்குழவியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். கல்லைக் கண்டதும் முதலில் புரிந்துகொண்டது வெள்ளத்தாய்தான். “மதினி, வேண்டாம் மதினி. ஊரே இந்தத் தண்ணியத்தான குடிக்குது” என்று அழுதாள்.

“ஊரு குடிச்சிட்டுத்தான் இருக்கு. இவுகதான் நின்னுக்கிட்டு இருக்காக” என்றாள் செண்பகம்.

முதல் அடியில் பீங்கான் முழுக்க ரத்தக்கோடு ஓடியது. கொம்பையா பல்லைக் கடித்தார். அவர் கத்தினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். காய்ச்சல்காரியின் கையில் பலம் இல்லாததால் அவள் மறுபடியும் மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடியும் அவர் தோள் வழியாக முதுகெலும்பில் இறங்கிக் குதிகாலுக்குப் போனது. தவில்காரன் பழக்கத்தில் வாசித்துக்கொண்டே இருந்து, தன் அடியும் அவள் அடியும் ஒரே தாளத்தில் விழுவதைக் கவனித்த பிறகு பயந்து நிறுத்தினான். பேசின் நடுவில் பிளந்து இரண்டாக விழுந்து நொறுங்கியது. குழாய் ஒருமுறை பீறிட்டது. அதற்குப் பிறகு அதில் காற்று மட்டும் வந்தது. தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் பீங்கான் கால் மட்டும் தனியாக நின்றது.

கொம்பையா கையைக் கீழே இறக்கினார். உள்ளங்கைகளில் பிறை மாதிரி இரண்டு துண்டுகள் சதையோடு ஒட்டியிருந்தன. அவை வரவில்லை. அவர் அவற்றைப் பிடுங்கிப் பார்க்கவும் இல்லை. மாலைகளைக் கழற்றித் தரச் சொல்லி, செண்பகத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

 நேற்று மாமா என்று கூப்பிட்டவர்கள் தங்கள் குடங்களுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வெற்றுக்குடத்தை அவர்கள் வழியில் வைத்தான். அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இன்னொருவன் காறித் துப்பினான். யாருக்கும் அவர்மேல் கோபிக்க நியாயம் இல்லை. அதனால் அந்தக் கோபம் சீக்கிரம் தீராது என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. மனதில் அப்படி ஒன்றை வைத்து வளர்த்தவருக்கு அதன் ஆயுசு தெரியாதா?

வீட்டுக்கு வந்து செண்பகம் பாயில் படுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாள்பட விரிந்தே இருந்து மடங்க மறந்த கையை மெதுவாக மடக்கி, அவள் நெற்றிக்குக் கொண்டுபோனார். துண்டின் முனை குத்திவிடுமோ என்று பயந்து, வழுவழுப்பான பக்கம் படும்படியாக உள்ளங்கையைத் திருப்பி வைத்தார். பீங்கானில் இப்போது சூடு இல்லை.

“சில்லுன்னு இருக்கு” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

வெளியே தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. ஒருவர் இருவராகச் சேர்ந்து, பிறகு கூட்டமாகி, வாசலுக்கு முன்னால் குடங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்க்கலாம் என்று கொம்பையா கையை எடுக்கப் போனார்.

“எடுக்காதீக” என்றாள் செண்பகம்.

கொம்பையா எடுக்கவில்லை.